மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வு: ஈமானின் குறையா, நோயின் பகுதியா?



எங்கள் மஹல்லாவில் ஒரு சகோதரர். 52 வயது, மளிகைக் கடை வைத்திருப்பவர். ஒரு நாள் அதிகாலை நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆஞ்சியோ செய்து, ஒரு ஸ்டென்ட் வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மஹல்லாவே திரண்டுபோய் நலம் விசாரித்தது. நானும் போனேன். "அல்லாஹ் ஷிஃபா கொடுத்துட்டான், இனி ஒண்ணும் இல்ல பாய்" என்று சொல்லி, துஆ செய்துவிட்டு வந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், ராத்திரி தூங்குனா திரும்ப எந்திரிப்பேனான்னு பயமா இருக்கு. தொழுகையில நின்னா ஓதுறது மனசுல நிக்க மாட்டேங்குது. நெஞ்சு எப்படி அடிக்குதுன்னே கவனிச்சுக்கிட்டு இருக்கேன். என் ஈமான் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க. சபூர் செய்யுங்க, திக்ரை அதிகமாக்குங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மாதத்தில் அவர் மறுபடி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டிருக்கிறார். பணத் தட்டுப்பாடு ஒரு காரணம். "எப்படியும் போகப்போறேன், இதுக்கு எதுக்கு இத்தனை மாத்திரை" என்ற எண்ணம் இன்னொரு காரணம். அந்த எண்ணம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அல்ஹம்துலில்லாஹ், இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அன்றிரவு அவர் என்னிடம் ஓர் அறிகுறியைச் சொன்னார், நான் அதை ஒரு பலவீனமாகக் கேட்டுக்கொண்டேன் என்பது பிறகுதான் புரிந்தது. அதன்பின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன், மருத்துவர்களிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மாரடைப்புக்குப் பிறகு மனதுக்கு என்ன ஆகிறது?

மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. அதைவிட லேசான சோர்வு, பயம், தூக்கமின்மை ஆகியவை இன்னும் பலருக்கு வருகின்றன. பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குபவர்களுக்கும் இதே நிலைதான்.

இது மனதோடு நின்றுவிடும் விஷயமும் இல்லை. கனடாவின் மொன்ட்ரியல் நகரில் மாரடைப்பு வந்த 222 பேரைக் கவனித்து 1993-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மருத்துவமனையில் இருந்தபோதே மனச்சோர்வு கண்டவர்கள் அடுத்த 6 மாதங்களில் இறந்துபோகும் வாய்ப்பு, மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. மாரடைப்பு வந்தவர்களின் உடல்நிலை மோசமாவதற்கு மனச்சோர்வும் ஓர் ஆபத்துக் காரணி என்று அமெரிக்க இதய நலச் சங்கம் 2014-ல் அறிவித்தது.

இது எப்படி நடக்கிறது? இரண்டு வழிகளில்.

முதலாவது உடலின் வழி. பயமும் கவலையும் நீடித்தால் அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொண்டு கட்டியாக உறையும் தன்மை அதிகரிக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இது நல்லதல்ல.

இரண்டாவது பழக்கத்தின் வழி. மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறக்கிறார், அல்லது வேண்டாமென்று விடுகிறார். நடக்கப் போவதில்லை. விட்ட சிகரெட்டை மறுபடி எடுக்கிறார். மறுபரிசோதனைக்குப் போகாமல் தள்ளிப்போடுகிறார். எங்கள் மளிகைக் கடை பாய்க்கு நடந்தது இதுதான்.

ஏழை நாடுகளில் சுமை ஏன் அதிகம்?

உலகில் மனிதர்கள் இறப்பதற்கு முதல் காரணம் இதய, இரத்தநாள நோய்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 79 லட்சம் பேர் இவற்றால் இறந்தார்கள். இவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். "பணக்காரர் வியாதி" என்று நம் பெரியவர்கள் சொன்ன காலம் போய்விட்டது.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல் வெளியானது. மாரடைப்புக்கான முக்கியமான ஒன்பது காரணிகளை அது பட்டியலிட்டது. புகைபிடித்தல், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மனஅழுத்தமும் சோர்வும் அந்தப் பட்டியலில் உள்ளன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுகிறது, பிற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59 வயதில்தான் வருகிறது என்பதும் அந்த ஆய்விலிருந்தே தெரிந்தது.

53 வயது என்றால் நம் வீடுகளில் என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். மகளின் நிக்காஹ் முடிந்திருக்காது. மகன் படித்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கடன் பாக்கி இருக்கும். வளைகுடாவில் வேலை பார்ப்பவராக இருந்தால், மாரடைப்போடு அந்த வேலையும் போய் ஊர் திரும்ப நேரலாம். ஸ்டென்ட் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டாலும், படுத்திருக்கும் மாதங்களின் வருமானத்தை யாரும் தருவதில்லை. நகை அடகுக் கடைக்குப் போகிறது. வட்டிக்கு வாங்கிவிட்டோமே என்ற குற்ற உணர்வும் நெஞ்சில் ஏறிக்கொள்கிறது.

மருந்தின் கதையும் இப்படித்தான். சலீம் யூசுஃப் குழுவினர் 2011-ல் வெளியிட்ட இன்னொரு பன்னாட்டு ஆய்வு, ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் மறுபடி வராமல் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்தது. வறிய நாடுகளில் 80 சதவீதம் பேர் அந்த நான்கு வகை மாத்திரைகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. பணக்கார நாடுகளில் அப்படி இருந்தவர்கள் 11 சதவீதம்தான்.

பணக்கார நாடுகளில் மாரடைப்பு வந்தவரை 'இதய மறுவாழ்வுப் பயிற்சி'க்கு அனுப்புகிறார்கள். அங்கே உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, மனநல ஆலோசனை மூன்றும் சேர்ந்து கிடைக்கும். உலகின் பாதிக்குச் சற்று மேற்பட்ட நாடுகளில்தான் இப்படியொரு வசதியே இருக்கிறது. மனநல மருத்துவர்களும் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள்.

இதயத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். அவர் இ.சி.ஜி.யைப் பார்த்து, மாத்திரை எழுதித் தருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. "ராத்திரி தூக்கம் வருதா? மனசு எப்படி இருக்கு?" என்று கேட்க அங்கே ஆளில்லை.

கவலைப்படுவது ஈமானின் குறைவா?

நம் சமுதாயத்தில் நோயாளியின் வாயை அடைப்பது பல நேரங்களில் இந்தக் கேள்விதான். பயமாக இருக்கிறது என்று சொன்னால் தவக்குல் இல்லாதவன் என்று நினைப்பார்களோ என்று அவர் மௌனமாகிவிடுகிறார்.

யஃகூப் (அலை) அவர்களைக் குர்ஆன் எப்படிக் காட்டுகிறது? மகன் யூசுஃபை இழந்த துக்கத்தில் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. தம் துக்கத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்று மற்ற மகன்களுக்குச் சொன்னவர்களும் அவர்களேதான். ஆழ்ந்த துக்கமும் ஆழ்ந்த ஈமானும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நம் நபி (ஸல்) அவர்கள் மகன் இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் வடித்தார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் துஆவை அவர்கள் வழக்கமாக ஓதியது புகாரியில் பதிவாகியுள்ளது. மனதின் பாரத்தையும் பணத்தின் பாரத்தையும் ஒரே துஆவில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள்.

ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இந்த விஷயத்தில் பெரிய பாடம். இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் அவர்கள் கடுமையாக நோய்வாய்ப்பட்டார்கள். மரணம் வந்துவிட்டது என்றே நினைத்தார்கள். வாரிசாக ஒரே மகள். சொத்தை என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு. நலம் விசாரிக்க வந்த நபி (ஸல்) அவர்கள் அந்தக் கவலையை ஒதுக்கித் தள்ளவில்லை. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செய்ய வேண்டாம் என்று வழிகாட்டினார்கள். நீர் இன்னும் வாழ்ந்து, உம்மால் மக்கள் பயனடையக்கூடும் என்று நம்பிக்கையூட்டினார்கள். நெற்றியில் கை வைத்து, முகத்தையும் வயிற்றையும் தடவி துஆ செய்தார்கள். அந்தக் கையின் குளிர்ச்சியைப் பல காலம் கழித்தும் உணர்வதாக ஸஅத் (ரலி) சொன்னதை புகாரியில் காண்கிறோம்.

அபூதாவூதில் இன்னோர் அறிவிப்பு உண்டு. ஸஅத் (ரலி) அவர்களின் மார்பில் நபி (ஸல்) அவர்கள் கை வைத்துப் பார்த்து, உமக்கு இதயத்தில் நோய் இருக்கிறது என்று கூறி, ஸகீஃப் கோத்திரத்து மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் போகச் சொன்னார்கள் என்று அதில் வருகிறது. இதன் அறிவிப்பாளர் தொடரில் குறை இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற நபிவழி ஸஹீஹான பல ஹதீஸ்களால் உறுதியானது.

உடலையும் உள்ளத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது நம் முன்னோருக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலம் பாதி, உள்ள நலம் பாதி என்று ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாமல் வரும் துக்கத்தையும் பிரித்துக் காட்டி, இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்றார்.

ஆகவே மாரடைப்புக்குப் பின் வரும் பயமும் சோர்வும் நோயின் ஒரு பகுதி. திக்ரும் தொழுகையும் மனதுக்கு ஆறுதல், சந்தேகமே இல்லை. அவற்றோடு சிகிச்சையும் சேர வேண்டும். சர்க்கரை நோயாளியிடம் திக்ர் செய்தால் போதும், மாத்திரை வேண்டாம் என்று எந்த ஆலிமும் சொல்வதில்லையே.

மருத்துவர் இல்லாத இடத்தில் என்ன செய்தார்கள்?

மனநல மருத்துவர்கள் போதுமான அளவு வரும் வரை காத்திருக்க முடியாது என்று உணர்ந்த சில நாடுகள் வேறு வழியைத் தேடின. சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் மூலம் மனச்சோர்வுக்கு ஆறுதலும் சிகிச்சையும் அளிப்பது அந்த வழி.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள்தான் அவர்கள். கர்ப்ப காலத்தில் மனச்சோர்வு கண்ட தாய்மார்களோடு பேசி, அவர்களின் எண்ண ஓட்டத்தை மாற்ற உதவினார்கள். 2008-ல் வெளியான முடிவு வியக்க வைத்தது. குழந்தை பிறந்து 6 மாதம் ஆனபோது, இந்த உதவி கிடைக்காத தாய்மார்களில் 53 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது.

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளியான ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வர பஸ் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். நோயாளி நம்மிடம் வர முடியாவிட்டால் நாம் அவரிடம் போக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 2006-ல் தலைநகர் ஹராரேயின் ஏழைப் பகுதியான ம்பாரேயில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மருத்துவ நிலைய வளாகத்தில் ஒரு மரப்பெஞ்சு. அதில் பாட்டியும் நோயாளியும் உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் மொழியில் மனச்சோர்வு என்று சொல்வதில்லை, 'அதிகமாக யோசிக்கும் நோய்' என்பார்கள். நம் ஊரில் "அவரு ரொம்ப யோசிக்கிறாரு" என்கிறோமே, அதேதான். 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. 6 மாதத்துக்குப் பின் மனச்சோர்வு இருந்தவர்கள், பாட்டிமார்களிடம் பேசியவர்களில் 14 சதவீதம், மற்றவர்களில் 50 சதவீதம்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. கோவாவில் உள்ளூர் மக்களையே பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கு ஆலோசனை வழங்கச் செய்தார்கள். அதன் பலன் 2017-ல் வெளியான ஆய்வில் நிரூபணமானது.

மேலே சொன்னவை பொதுவாக மனச்சோர்வுக்கானவை, இதய நோயாளிகளுக்கென்று தனியாகச் செய்யப்பட்டவை அல்ல. இதய நோயாளிகளுக்கென இந்தியாவில் நடந்த பெரிய முயற்சி ஒன்று உண்டு. 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நடந்தது. ஒரு பகுதியினருக்கு மென்மையான யோகாசனங்கள், மூச்சுப்பயிற்சி, குழுவாக உட்கார்ந்து வாழ்க்கை முறை பற்றிப் பேசுதல் ஆகியவற்றைக் கொண்ட மலிவான மறுவாழ்வுப் பயிற்சி 13 அமர்வுகளாக அளிக்கப்பட்டது. மரணமோ மறு மாரடைப்போ குறைந்தது என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். யோகா என்றதும் நம்மில் சிலர் தயங்கலாம். நாம் இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிமையானது: நிதானமான அசைவு, சீரான மூச்சு, ஒரே நோயைச் சந்தித்தவர்கள் கூடிப் பேசுவது. இதற்குப் பெரிய செலவு தேவையில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளித்தால் இதய நோயாளியின் ஆயுள் கூடும் என்று எல்லா ஆய்வுகளும் காட்டவில்லை. அமெரிக்காவில் நடந்து 2003-ல் வெளியான பெரிய ஆய்வில் சோர்வு குறைந்தது, மரண எண்ணிக்கை குறையவில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஆனால் இருக்கும் நாட்களில் ஒரு மனிதர் நிம்மதியாகத் தூங்கி, பயமில்லாமல் தொழுது, பிள்ளைகளோடு சிரித்துப் பேசுவது சிறிய விஷயமா?

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் கேளுங்கள். இதய நோயாளிகளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருக்கிறீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறீர்களா? பெரும்பாலான நாட்களில் 'ஆமாம்' என்று பதில் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "அத்தா, ராத்திரி பயமா இருக்கா?" என்று மகன் நேராகக் கேட்பதில் தவறில்லை. கேட்பதால் பயம் கூடாது, குறையும்.

• "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா கவலைப்படாதீங்க" என்று பேச்சை முடிக்காதீர்கள். "சொல்லுங்க, கேக்குறேன்" என்று உட்காருங்கள்.

• அவர் முன்னால் கடன் கணக்கை விவாதிக்காதீர்கள். அதற்காக எல்லாவற்றையும் மறைத்து, வீட்டுத் தலைவர் என்ற இடத்தையும் பறித்துவிடாதீர்கள். அமைதியான நேரத்தில் சேர்ந்து முடிவெடுங்கள்.

• மருத்துவர் அனுமதித்த அளவில் தினமும் சிறு சிறு வேலைகள் கொடுங்கள். ஃபஜ்ருக்குப் பின் தெருமுனை வரை நடை, செடிக்குத் தண்ணீர், அஸருக்குப் பள்ளிவாசல் திண்ணையில் நண்பர்களோடு அரை மணி நேரம். மனம் தேறிய பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம், சிறு வேலைகளைச் செய்யச் செய்யவே மனம் தேறும். கோவாவில் கற்றுக்கொடுத்த முறையின் அடிப்படையே இதுதான்.

• மாத்திரைப் பெட்டியை வாரம் ஒருமுறை யாராவது பாருங்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகள் அவர் சொல்லாததைச் சொல்லும்.

• நோயாளி பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நம் வீடுகளில் உம்மாவுக்கு நெஞ்சுவலி என்றால் "கேஸ்" என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறோம். மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே அவர் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறார். ஆண்களைவிடப் பெண்களுக்கே மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு அதிகம் வருகிறது.

• இல்லற வாழ்க்கை பற்றிய பயம் கணவன் மனைவி இருவருக்கும் இருக்கும், இருவரும் வெளியே சொல்லமாட்டார்கள். உடல் தேறியபின் பெரும்பாலோர் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பலாம். வெட்கப்படாமல் மருத்துவரிடம் கேளுங்கள். மார்க்க விஷயத்தில் வெட்கம் தடையாகாததுபோல இதிலும் ஆகக் கூடாது.

• நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்துத் தொழலாம். ரமலான் நோன்பு பற்றி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பது குறையல்ல. "இந்த வருஷம் நோன்பு வைக்கலையா?" என்று நோயாளியைத் துருவிக் கேட்பவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை. பதற்றத்திலும் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வியர்க்கும். மாரடைப்பிலும் அப்படித்தான். எது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நெஞ்சுவலி வந்தால் 108-ஐ அழையுங்கள். பதற்றம்தான் என்று மருத்துவர் சொல்லட்டும்.

மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்பட்டாலும் பயப்பட வேண்டாம். இதய நோயாளிகளுக்குப் பாதுகாப்பான மாத்திரைகள் இருக்கின்றன. பழைய வகை மாத்திரைகள் சில இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியவை. எனவே இதய மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

ஜமாஅத் செய்யக்கூடியவை

பாட்டிமார்களும் ஒரு மரப்பெஞ்சும் போதுமென்றால், நம்மிடம் எவ்வளவு இருக்கிறது! ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து வேளை மக்கள் கூடும் பள்ளிவாசல் இருக்கிறது. மதரஸா இருக்கிறது. பைத்துல்மால் இருக்கிறது. நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் மீதுள்ள உரிமை என்ற போதனை இருக்கிறது.

முதல் வாரத்தில் ஐம்பது பேர் போய் நோயாளியைக் களைப்படையச் செய்கிறோம், இரண்டாம் மாதத்தில் யாரும் போவதில்லை. சோர்வு ஆழமாவது அப்போதுதான். மஹல்லாவில் நிதானமான நான்கைந்து பேர் முறைவைத்து, ஆறு மாதம் வரை வாரம் ஒருமுறை போகலாம். பெண்களைப் பெண்கள் பார்க்கலாம். சென்றால் பதினைந்து நிமிடம், அதில் பத்து நிமிடம் கேட்பது. மற்றவர்களின் மரணக் கதைகளைச் சொல்லாமல் இருப்பது மிக அவசியம்.

ஸ்டென்ட் வைத்து, பைபாஸ் செய்து பத்து வருடமாக நலமாக இருப்பவர்கள் எல்லா மஹல்லாவிலும் உண்டு. புதிதாக நோய் கண்டவரோடு அவர்களை உட்கார வையுங்கள். "எனக்கும் இப்படித்தான் பயமா இருந்துச்சு" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, என்னைப் போன்றவர்களின் பயானைவிட அதிகம் வேலை செய்யும்.

ஜகாத் பெறத் தகுதியுள்ள நோயாளிக்கு, மாத மருந்துச் செலவைத் தொடர்ச்சியாக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை ஜமாஅத் செய்யலாம். கடனில் மூழ்கியவர்களும் ஜகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் அடங்குவர் என்பதை நினைவில் வையுங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

இமாம்களுக்கும் ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மிடம் ஒருவர் பயத்தைச் சொன்னால் உடனே உபதேசம் தொடங்க வேண்டாம். கேளுங்கள், துஆ செய்யுங்கள், பிறகு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இலங்கைச் சகோதரர்களுக்கு 1926 என்ற எண் உண்டு. வாழ விருப்பமில்லை என்று யாராவது சொன்னால், ஹராம் என்று அதட்டி அனுப்பிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மரணம் வந்துவிட்டது என்று மக்காவில் கலங்கிய ஸஅத் (ரலி) அவர்கள் அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்கள். காதிஸிய்யாப் போரின்போது உடல்நலமின்றிக் குதிரை ஏற முடியாமல், உயரமான இடத்திலிருந்தபடியே படையை வழிநடத்தினார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒரே மகளோடு இருந்தவருக்குப் பின்னர் அல்லாஹ் இன்னும் பல பிள்ளைகளைத் தந்தான்.

எங்கள் மளிகைக் கடை பாய் இப்போது காலையில் கடை திறக்கிறார், மாலையில் மகன் பார்த்துக்கொள்கிறார். மனநல மருத்துவரிடம் மூன்று முறை போனார். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒருவருக்குப் பைபாஸ் நடந்தது. நான் நலம் விசாரிக்கப் போனபோது, இவர் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நம் நோயாளிகளின் உடலுக்கும் உள்ளத்துக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. அவர்களின் பேச்சைப் பொறுமையோடு கேட்கும் காதுகளை நமக்குத் தருவானாக. ஆமீன்.